ஒரு யூதக் குடும்பத்தின் கதையை எழுதியபோது கற்றவை

வரலாற்றுப் புனைவு எழுத ஆசைப்படுகிறவர்கள் யாராவது ஆலோசனை கேட்டால், கதைச்சுருக்கம் எழுதுவதற்கு முன்னால் நாள்காட்டி எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் அகப்பட்ட ஆம்ஸ்டர்டாம் நகரத்து யூதக் குடும்பம் ஒன்றைப் பற்றிக் குறுநாவல் எழுதிய அனுபவத்தில் சொல்கிறேன். கணவரின் வேலைக்காக நாங்கள் ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டல்வேனில் குடியிருந்தபோது தொடங்கிய வேலை அது. கதையில் ஐந்து பேர்: வைரம் பட்டை தீட்டும் அப்பா, வீட்டிலேயே தையல் வேலை எடுத்துச் செய்யும் அம்மா, பத்தொன்பது வயது மகன், பள்ளிக்கூடம் போகும் மகள், கடைசியாக ஒரு கைக்குழந்தை. ஐவருமே கற்பனை. ஆனால் அவர்களுக்கு நடப்பதில் எதுவும் அந்த நகரத்தில் நடக்காதது இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

என் நாள்காட்டி இப்படிப் போகும். 1940 மே 10, ஜெர்மன் படை நுழைகிறது. 14ஆம் தேதி ராட்டர்டாம் மீது குண்டுவீச்சு, டச்சுப் படை சரணடைகிறது. அதுவரை நெதர்லாந்துக்கென்று தனி நேரம் இருந்தது. 16ஆம் தேதி பிறக்கும்போது நாடு முழுக்கக் கடிகாரத்தை 1 மணி 40 நிமிடம் முன்னே தள்ளி பெர்லின் நேரத்துக்கு மாற்றுகிறார்கள். அக்டோபரில் அரசு ஊழியர்கள் எல்லோரும் தாங்கள் யூதரா இல்லையா என்று படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். நவம்பரில் யூத ஊழியர்களை வேலையிலிருந்து நிறுத்திவிடுகிறார்கள். 1941 ஜனவரியில் சினிமா தியேட்டருக்குப் போகத் தடை. அதே மாதம் யூதர் அத்தனை பேரும் பதிவு செய்துகொள்ள உத்தரவு. அதற்குக் கட்டணம் அன்றைய டச்சு நாணயத்தில் தலைக்கு ஒரு கில்டர். அப்புறம் ரேடியோ போகிறது. ஆகஸ்டில் வங்கிப் பணம் போகிறது. செப்டம்பரில் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம். பூங்கா, நூலகம், காபிக் கடை வாசல்களில் யூதருக்கு அனுமதி இல்லை என்ற பலகை. 1942 மே மாதம், யூதர் என்று காட்ட உடையில் மஞ்சள் நட்சத்திரம். ஜூன் கடைசியில் சைக்கிள், டிராம் இரண்டும் பறிபோகின்றன. ஜூலையில் முகாம்களுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ரயில்.

இதை எழுதிச் சுவரில் ஒட்டியதும் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. ஒவ்வோர் உத்தரவும் வீட்டிலிருந்து ஒரு பொருளையோ ஒரு பழக்கத்தையோ எடுத்துக்கொண்டு போகிறது. எதுவும் தனித்தனியாகப் பார்த்தால் சாவு மாதிரி இல்லை. ரேடியோ இல்லாவிட்டால் என்ன, பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சினிமாவா, காசு மிச்சம் என்றும் சொல்லியிருப்பார்கள். மனிதர்கள் அப்படித்தான் சமாளிப்பார்கள். அதனால் நாள்காட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டுக்கொண்டேன். இந்தத் தேதியில் இந்த வீட்டுக்கு என்ன தெரியும்? எழுதுகிற எனக்கு முடிவு தெரியும். நெதர்லாந்தில் இருந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஏறத்தாழ 1,07,000 பேர் ரயிலேற்றப்பட்டார்கள், அவர்களில் திரும்பியவர்கள் 5,000 பேர்தான் என்பது எனக்குத் தெரியும். 1941இல் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற அந்த ஐந்து பேருக்கு இதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. இந்த இரண்டாவது கட்டத்தை நேர்மையாக நிரப்பினால் பாதி நாவல் தானாக எழுந்து நிற்கும்.

இந்தக் காலத்தைப் பற்றிப் பேசினாலே வரும் கேள்வி ஒன்று உண்டு. ஏன் ஓடவில்லை? கூப்பிட்டதும் ஏன் போனார்கள்? இதைக் கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும், ஆனால் கேள்வியைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. நாவலுக்குள்ளேயே அதற்குப் பதில் இருக்க வேண்டும். எனக்குப் பதில் கிடைத்தது மகன் பாத்திரத்தில்.

1941 பிப்ரவரி 22, 23 தேதிகளில் ஆம்ஸ்டர்டாமின் யூதர் குடியிருப்பில் தெருவில் அகப்பட்ட இளைஞர்களைப் பிடித்தார்கள். யோனாஸ் டேனியல் மெயர் சதுக்கத்தில் மணிக்கணக்கில் குந்தவைத்தார்கள். சுமார் நானூறு பேர். என் கதையின் மகனும் அவர்களில் ஒருவன். இரண்டு நாளில், 25ஆம் தேதி, நகரமே வேலைநிறுத்தம் செய்தது. டிராம் ஓடவில்லை, துறைமுகம் நின்றது, தொழிற்சாலைகள் மூடின. யூதர்களைப் பிடித்ததற்காக யூதரல்லாத தொழிலாளர்கள் வீதிக்கு வந்த நாள் அது. மறுநாளே துப்பாக்கியால் அடக்கிவிட்டார்கள். பிடிபட்ட இளைஞர்களில் பெரும்பாலோரை புகன்வால்ட் வழியாக ஆஸ்திரியாவில் இருந்த மவுட்ஹவுசன் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கல்குவாரி வேலை. சில மாதங்களில் ஏறக்குறைய எல்லோரும் இறந்தார்கள். இறப்புச் செய்தி மட்டும் ஒவ்வொன்றாக வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தது. ஒரே தெருவில், ஒரே வயதுப் பையன்கள்.

ஆக, 1942 கோடையில் அந்த நகரத்து யூதக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் மவுட்ஹவுசன் என்றால் என்னவென்று தெரியும். விஷவாயு அறைகள் இருந்த அவுஷ்விட்ஸ் என்றால் தெரியாது. ஜூலை தொடக்கத்தில் அழைப்புக் கடிதங்கள் பதிவுத் தபாலில் வரத் தொடங்கின. ஜெர்மனியில் வேலை என்று எழுதியிருந்தது. முதுகுப்பை, போர்வை, உறுதியான காலணி கொண்டுவரச் சொல்லியிருந்தது. ஆட்கள் சரியாக வராமல் போனதும் ஆகஸ்டில் மிரட்டல் வந்தது: போகாதவர்களுக்கு மவுட்ஹவுசன்தான். மகனை அங்கே பறிகொடுத்த தாய், மீதி இருக்கிற மகளைப் பற்றி என்ன முடிவெடுப்பாள்? தெரிந்த சாவா, தெரியாத வேலையா? அவள் முதுகுப்பையில் போர்வையைத் திணிப்பதை நான் எழுதியபோது அதில் பணிவோ கோழைத்தனமோ துளியும் இல்லை, கணக்குத்தான் இருந்தது. பொய்யான தகவலை வைத்துப் போட்ட கணக்கு. இந்தக் காட்சியைப் படித்தவர்கள் யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டதில்லை.

தகவல் எங்கே தேடுவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். டச்சுக்காரர்கள் ஆவணங்களை இணையத்தில் தாராளமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். பழைய பத்திரிகைகளுக்கு டெல்ஃபர் என்ற தளம். ஆக்கிரமிப்புக் காலத்தில் யூதர்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே வாரப் பத்திரிகையையும் அதில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். ஒரு பக்கத்தில் புதிய தடை உத்தரவு, இன்னொரு பக்கத்தில் கல்யாண அறிவிப்பும் வீட்டு வேலைக்கு ஆள் தேவை விளம்பரமும். எந்த வரலாற்று நூலும் தராத உணர்வை அந்தப் பக்கங்கள் தந்தன. மொழிக்கு மொழிபெயர்ப்புச் செயலி போதும், சந்தேகமான இடத்தை மட்டும் டச்சு தெரிந்தவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் வைத்திருக்கும் யூத நினைவுத் தளம், யோட்ஸ் மானுமென்ட். அதில் சில குடும்பங்களுக்கு, வீட்டைக் காலி செய்யும்போது ஜெர்மன் நிர்வாகத்துக்காக எடுத்த பொருள் பட்டியலும் சேர்ந்திருக்கிறது. நாற்காலி, திரைச்சீலை, அடுப்பு, பாத்திரம் என்று போகும். ஏழைத் தொழிலாளி வீட்டில் என்ன இருக்கும், கொஞ்சம் வசதியான வீட்டில் என்ன இருக்கும் என்பதை நான் கற்பனை செய்யவே வேண்டியிருக்கவில்லை. கொள்ளையடித்தவர்களே குறித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆம்ஸ்டர்டாம் நகராட்சி 1941இல் தயாரித்த வரைபடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நகர வரைபடத்தின் மேல் கறுப்புப் புள்ளிகள். ஒரு புள்ளிக்குப் பத்து யூதர்கள். பழைய யூதர் குடியிருப்பில் புள்ளிகள் நெருக்கி மையாகவே இருக்கும். தெற்கே புதிய குடியிருப்புகளில் கொஞ்சம் இடைவெளி விட்டுத் தெரியும். இதை வரைந்தவர்கள் ஜெர்மானிய வீரர்கள் இல்லை, நகராட்சிப் புள்ளியியல் அலுவலகத்தின் எழுத்தர்கள். கேட்ட வேலையைச் சுத்தமாகச் செய்து கொடுத்தவர்கள். அதற்குப் பிறகு என் நாவலில் சீருடை போட்டவர்களின் பக்கங்கள் குறைந்து, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களின் பக்கங்கள் கூடின. பதிவுக்கு ஒரு கில்டர் வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கிறவர், அடையாள அட்டையில் யூதர் என்பதைக் குறிக்கும் ஜே எழுத்தைக் குத்துகிறவர், டிராம் ஓட்டுகிறவர். கெட்டவனாக எழுதாமல், ஆனால் அவன் செய்ததைக் குறைத்தும் எழுதாமல் இருப்பது பெரிய சவால். ஒளிந்திருக்கும் யூதர் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தால் தலைக்கு ஏழரை கில்டர் சன்மானம் வாங்கிய டச்சுக்காரர்களும் அதே நகரத்தில்தான் இருந்தார்கள், வேலைநிறுத்தம் செய்த டச்சுக்காரர்களும் அங்கேதான் இருந்தார்கள்.

பொருட்களைக் கையில் எடுத்துப் பார்ப்பதுபோல் யோசியுங்கள். மஞ்சள் நட்சத்திரம் என்று எல்லோரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஆளுக்கு நான்கு கொடுத்தார்கள். இலவசமில்லை, ஒன்று நான்கு சென்ட். அதோடு ரேஷனில் துணிக்கான கூப்பனில் ஒரு புள்ளியும் கழிந்தது. ஆறு வயது நிரம்பிய எல்லோரும் இடது மார்பில் உறுதியாகத் தைத்துப் போட வேண்டும். நான்கு நட்சத்திரம் எத்தனை உடுப்புக்கு வரும்? கோட்டுக்கு ஒன்று, சட்டைக்கு ஒன்று. வெயில் அடித்தால் கோட்டைக் கழற்றுவார்கள், அப்போது உள்ளே இருப்பதிலும் தெரிய வேண்டும். துவைக்கப் போட்டால் பிரித்தெடுத்து இன்னொன்றில் தைக்க வேண்டும். தையல்காரியான அம்மா ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆறு முனைகளையும் மடித்து, ஓரம் பிசிறாமல், சின்னத் தையலாகத் தைக்கிறாள். தன் வேலை அசிங்கமாக இருக்கக் கூடாது என்ற தொழில் கௌரவம் அவளுக்கு. கைக்குழந்தைக்கு வேண்டாம் என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி. அந்த அத்தியாயம் முழுக்க இவ்வளவுதான்.

இன்னொன்று, நடந்து பாருங்கள். 1942 ஜூன் 30 உத்தரவுக்குப் பிறகு யூதர்களுக்கு டிராம் இல்லை, சைக்கிள் இல்லை. மாலை மூன்றிலிருந்து ஐந்துக்குள்தான் கடைக்குப் போகலாம். இரவு எட்டிலிருந்து காலை ஆறு வரை வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. தெற்குக் குடியிருப்புகளிலிருந்து வாட்டர்லோ சதுக்கச் சந்தை வரை ஒரு ஜூலை மாதப் பிற்பகலில் நடந்தேன். பை சுமந்து, குழந்தையையும் தூக்கிக்கொண்டு, ஐந்துக்குள் வாங்கி முடிப்பது என்றால் என்னவென்று காலுக்குத் தெரிந்தது. வீடு திரும்பியபோது இன்னொன்றும் தெரிந்தது. ஜூலையில் அங்கே சூரியன் மறைய இரவு பத்தாகிவிடும். அன்றைய கடிகாரமும் இன்றைய கோடைக் கடிகாரமும் ஒன்றுதான். அப்படியென்றால் எட்டு மணிக்குக் கதவைச் சாத்தும்போது வெளியே நல்ல வெளிச்சம். தெருவில் மற்ற பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். சத்தம் கேட்கும். பதினான்கு வயது மகள் இரண்டு மணி நேரம் ஜன்னலோரம் என்ன செய்வாள் என்பது எனக்குப் புத்தகத்திலிருந்து கிடைத்திருக்காது.

அவர்களைத் துன்பப்படுவதற்காகவே பிறந்தவர்கள்போல் எழுதக் கூடாது என்பது எனக்கு மிக முக்கியம். ஆம்ஸ்டர்டாம் வைரத் தொழிலாளர்கள் 1894இலேயே வலுவான தொழிற்சங்கம் கட்டியவர்கள். கட்டடக் கலைஞர் பெர்லாகே கட்டிய அவர்களுடைய சங்கக் கட்டடம் இன்றும் நிற்கிறது. சங்கத்துக்கு நூலகம் இருந்தது. பலர் தொழுகைக்கூடத்தைவிடச் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போனவர்கள். 1930களில் வைர வியாபாரம் படுத்து, வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தவர்கள். யூதக் குடும்பம் என்றதும் வெள்ளிக்கிழமை மெழுகுவத்தியையும் தாடியையும் மட்டும் வைத்துப் படம் வரைவது எளிது. என் கதையில் வரும் அப்பா மெழுகுவத்தி ஏற்றும்போது பேப்பர் படிப்பார், அம்மா முறைப்பாள். வாட்டர்லோ சதுக்கத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, தள்ளுவண்டி ஊறுகாய், பேரம், பக்கத்து வீட்டுச் சண்டை, வேலை போன அப்பாவின் சிடுசிடுப்பு. இவ்வளவும் இருந்த ஒரு வாழ்க்கை பறிக்கப்பட்டது என்று வாசகருக்குத் தெரிந்தால்தான் இழப்பு இழப்பாகத் தெரியும். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவரிடம் மணிக்கணக்கில் பேசித்தான் இதையெல்லாம் சேர்த்தேன். அவரிடம் முகாமைப் பற்றி நான் எதுவுமே கேட்கவில்லை. வீட்டில் என்ன சமைப்பார்கள், யார் யாரோடு பேசமாட்டார்கள் என்றுதான் கேட்டேன்.

ஒளிந்து வாழ்ந்தது பற்றி ஒரு வார்த்தை. நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆன் ஃபிராங்கின் குடும்பம் 1942 ஜூலை 6 அன்று மறைவிடத்துக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். அதனால் குடும்பமாகச் சேர்ந்து ஒளிவதுதான் வழக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். இடம், பணம், நம்பிக்கையான அலுவலக ஊழியர்கள் எல்லாம் இருந்ததால் அவர்களுக்கு அது முடிந்தது. பெரும்பாலோர் பிரிந்துதான் ஒளிய வேண்டியிருந்தது, பிள்ளை ஓர் ஊரில், பெற்றோர் வேறு ஊரில். சேமிப்பெல்லாம் முடக்கப்பட்ட தொழிலாளிக்கு அதுவும் எட்டாத தூரம். என் கதையில் அப்பாவின் அட்டையில், முகாமுக்கு அனுப்புவதிலிருந்து விலக்கு தரும் முத்திரை இருக்கிறது: மறு உத்தரவு வரும்வரை. அந்த மூன்று சொற்களை நம்பி ஒரு குளிர்காலத்தைக் கழிக்கிறார்கள். 1943 வசந்தத்தில் முத்திரை செல்லாது என்றாகிறது.

பிடிபட்டவர்களை வைத்திருந்த இடம் ஒரு நாடக அரங்கம், ஹொலாண்ட்ஸே ஸ்கௌபர்க். எதிர்வரிசையில் குழந்தைகள் காப்பகம். சின்னப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அங்கே வைத்தார்கள். காப்பகத் தலைவி ஹென்றியெட்டே பிமென்டல், அரங்கத்தில் பொறுப்பிலிருந்த வால்டர் ஸுஸ்கின்ட், பக்கத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் யோஹான் ஃபான் ஹுல்ஸ்ட் ஆகியோரும் இளம் தாதிகளும் சேர்ந்து ஏறத்தாழ 600 பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். டிராம் வந்து நின்று காவலாளியின் பார்வையை மறைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் குழந்தையைப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வெளியேறுவார்கள். என் கதையின் கைக்குழந்தை அப்படித்தான் தப்புகிறது. அதற்கு முன் பெயர் அட்டையை நீக்க வேண்டும், பெற்றோர் சம்மதிக்க வேண்டும். சம்மதம் என்று சொல்லிவிட்டு அம்மா அரங்கத்துக்குள் திரும்பிப் போகும் பக்கத்தைத்தான் நான் அதிகம் திருத்தினேன். கடைசியில் வசனம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

பெற்றோரும் மகளும் நெதர்லாந்திலேயே இருந்த வெஸ்டர்போர்க் இடைத்தங்கல் முகாம் போய், அங்கிருந்து போலந்தில் இருந்த சோபிபோர் கொலைமுகாமுக்கு ரயிலில் ஏற்றப்படுகிறார்கள். செவ்வாய்க்கிழமை ரயில், முந்தைய இரவு பெயர்ப் பட்டியல் வாசிப்பு. 1943 மார்ச்சிலிருந்து ஜூலை வரை 19 ரயில்களில் 34,313 பேர் நெதர்லாந்திலிருந்து சோபிபோர் போனார்கள். உயிர் பிழைத்தவர்கள் 18 பேர். இங்கே ஒரு முடிவெடுத்தேன், இன்றும் அதில் உறுதியாக இருக்கிறேன். ரயில் பெட்டியின் கதவு சாத்தப்படும் இடத்தில் கதைசொல்லி நின்றுவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்த மூவருக்குள் ஓடியதைச் சொல்ல அவர்களில் யாரும் திரும்பவில்லை. விஷவாயு அறைக்குள் வாசகரை அழைத்துப்போய்க் கண்ணீர் வரவழைக்கும் உரிமை எனக்கு இல்லை. மறுபக்கத்தில் தேதியையும் எண்களையும் மட்டும் அச்சிட்டேன்.

கதையை 1945 மே மாத விடுதலையோடு முடித்துவிடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். திரும்பி வந்த கொஞ்சம் பேர் தங்கள் வீட்டில் வேறு குடும்பம் இருப்பதைப் பார்த்தார்கள். வளர்ப்புத் தாயை அம்மா என்று அழைத்த குழந்தைகளை யாரிடம் கொடுப்பது என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். இதைவிட என்னை உலுக்கியது வேறு. முகாமில் இருந்த காலத்துக்கு நிலக் குத்தகை பாக்கி என்று ஆம்ஸ்டர்டாம் நகராட்சி தப்பி வந்தவர்களிடம் அபராதத்தோடு வசூலித்திருக்கிறது. பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றும்போது ஒரு மாணவி கவனித்து, 2013இல்தான் விஷயம் வெளியே வந்தது. என் கடைசி அத்தியாயத்தில் தப்பிய குழந்தையின் சித்தப்பா அப்படி ஒரு பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்டர் முன் வரிசையில் நிற்கிறார்.

அச்சுக்குப் போகும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல், பெயர்கள் எல்லாம் பதிவில் இருக்கின்றன. நீங்கள் கற்பனையாக வைக்கிற பெயரும் தெருவும் நிஜமாக வாழ்ந்த குடும்பம் ஒன்றோடு பொருந்திவிடலாம். அவர்களுடைய உறவினர் யாராவது இன்றும் இருப்பார்கள். நினைவுத் தளத்தில் ஒவ்வொரு பாத்திரத்தின் பெயரையும் தேடிப் பார்த்து, பொருந்தியதை மாற்றினேன். தெரு நிஜத் தெரு, கதவு எண் மட்டும் அந்தத் தெருவில் இல்லாத எண். பின்னுரையில் எது நடந்தது, எது என் கற்பனை என்று அத்தியாயம் வாரியாக எழுதிச் சேர்த்தேன். நடக்கவே இல்லை என்று சாதிக்கிறவர்கள் இருக்கும் விஷயத்தில் அந்த இரண்டு பக்கம் அவசியம்.